மிளகுக்குத் தன் மகனைத் தெரியவில்லை: ஆண் ஜெர்பிலோடு குட்டி ஆண்களைச் சேர்ப்பது எப்படி

எங்கள் ஆண் ஜெர்பில் மிளகு தன் சொந்த மகன் திப்பிலியைக் கண்ணாடித் தொட்டி முழுக்கத் துரத்தி வாலடியில் கடித்த அன்றுதான், ஜெர்பில் என்ற எலி போன்ற இந்தச் சின்ன வளர்ப்புப் பிராணியைப் பற்றி உருப்படியான ஒரு விஷயம் எனக்குப் புரிந்தது. மகன் என்பது நாம் சொல்லும் உறவு. மிளகுக்குத் தெரிந்ததெல்லாம் வாடை. குட்டிகள் பிறந்த அன்று மாலையே அவனைப் பிரித்து வேறு தொட்டியில் போட்டிருந்தேன். ஆறு வாரம் கழித்து, "அப்பாவும் பிள்ளையும்தானே, ஒன்றாக இருக்கட்டும்" என்று திப்பிலியைத் தூக்கி அவனுடைய தொட்டிக்குள் விட்டேன். மிளகைப் பொறுத்தவரை அவன் வீட்டுக்குள் யாரோ ஆள் புகுந்துவிட்டான். அவ்வளவுதான்.

திப்பிலிக்குப் பெரிய காயம் இல்லை. பிரித்துவிடப் போன என் ஆள்காட்டி விரலில்தான் இரண்டு பல் ஆழமாக இறங்கியது. அதுவும் என் தப்புதான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஜெர்பில் ஜோடி வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும். குட்டி போட்டது போதும் என்று ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட்டோம். பெண்ணுக்குத் துணையாக மகள்கள் இருக்கிறார்கள். ஆண் மட்டும் தனியாக இருக்கிறான். அவனோடு குட்டி ஆண்களைச் சேர்க்கலாமா? சேர்க்கலாம். ஜெர்பில்களை ஒன்றோடொன்று அறிமுகம் செய்வதில் இருப்பதிலேயே சுலபமான சேர்க்கை இதுதான். ஆனால் நான் செய்ததுபோல் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

வாடைதான் உறவு

வீடுகளில் வளர்ப்பது பெரும்பாலும் மங்கோலிய ஜெர்பில். மங்கோலியாவிலும் அதை ஒட்டிய வட சீனாவிலும் வறண்ட புல்வெளியில் வளை தோண்டி வாழும் பிராணி. கைக்குள் அடங்கும் உடம்பு, கிட்டத்தட்ட அதே நீளத்துக்கு வால், வால் நுனியில் தூரிகை போல முடி. வளர்ந்த ஆண் 70 முதல் 100 கிராம் வரை இருக்கும். ஆயுள் மூன்று ஆண்டு, நன்றாகப் பார்த்துக்கொண்டால் நான்கு. நம் ஊர் வயல்காட்டில் வெள்ளெலி என்பார்களே, அதுவும் ஜெர்பில் கூட்டத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் வேறு இனம். ஹாம்ஸ்டர் என்ற இன்னொரு சின்ன வளர்ப்புப் பிராணியோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சிரியன் ஹாம்ஸ்டர் தனியாகத்தான் இருக்க வேண்டும். ஜெர்பிலைத் தனியாக வைத்தால் அது வாடிப்போகும்.

இவை வீட்டுக்கு வந்த கதை சின்னது. 1935ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அமுர் ஆற்றுப் படுகையில் 20 ஜோடிகளைப் பிடித்து ஆய்வகத்தில் வளர்த்தார்கள். அந்த வம்சத்திலிருந்து 1954ல் 11 ஜோடிகள் அமெரிக்காவுக்குப் போயின. நியூயார்க் மாநிலத்தில் விக்டர் ஷ்வென்ட்கர் என்பவர் நடத்திய டம்பிள்புரூக் பண்ணையில் அவற்றில் 5 பெண்களும் 4 ஆண்களும் மட்டுமே குட்டி போட்டுப் பெருகின. 1964ல் அங்கிருந்து பிரிட்டனுக்கு வந்தன. இன்று மேற்கு நாடுகளில் குழந்தைகளின் அறையில் அட்டைக்குழாயைக் கொறித்துக்கொண்டிருக்கும் ஜெர்பில்களில் பெரும்பாலானவை அந்த ஒன்பது பேரின் வாரிசுகள். அப்படிப் பார்த்தால் எல்லாமே ஒன்றுவிட்ட சொந்தம்தான். ஆனாலும் முன்பின் தெரியாத இரண்டு பெரிய ஜெர்பில்களை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று செத்துப்போகும் அளவுக்குச் சண்டை போடும்.

காட்டில் ஒரு ஜோடியும் அதன் பிள்ளைகளும் ஒரே வளையில் வாழ்வார்கள். எல்லைக்குள் அயலான் வந்தால் விரட்டுவார்கள். யார் அயலான் என்பதை மூக்குதான் தீர்மானிக்கும். உங்கள் ஜெர்பிலை மெதுவாகத் தூக்கி அடிவயிற்றைப் பாருங்கள். நடுவில் முடி இல்லாமல் நீளவாக்கில் ஒரு மஞ்சள் பட்டை தெரியும். அது வாசனைச் சுரப்பி. முதல்முறை பார்ப்பவர்கள் புண் என்று பயந்துவிடுவார்கள். கல், கட்டை, கிண்ணம் எது கிடைத்தாலும் அதன்மேல் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போகும் அல்லவா, அது தன் பெயரை எழுதிவிட்டுப் போகும் வேலை. ஒரே கூட்டில் தூங்கி, ஒன்றையொன்று நக்கி, ஒருவர்மேல் ஒருவர் ஏறிப் படுத்து, குடும்பம் முழுக்க ஒரே வாடையாகிவிடும். அந்த வாடை இருப்பவன் நம்மாள். இல்லாதவன் திருடன்.

இந்தச் சுரப்பி ஆண் ஹார்மோனைச் சார்ந்தது. ஆண்களுக்குப் பெரிதாக இருக்கும். பருவம் எட்டும்போதுதான் முழுசாக வேலையைத் தொடங்கும். குட்டிகளைச் சேர்ப்பது ஏன் சுலபம் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஐந்து, ஆறு வாரக் குட்டியிடம் இன்னொரு ஆணின் வாடை இன்னும் வரவில்லை. எல்லைக்குப் போட்டி போடும் புத்தியும் வரவில்லை. பெரியவன் முகர்ந்தால் கீழே படுத்து "கீச்" என்று கத்தும். ஜெர்பில் மொழியில் அதற்கு "நான் சின்னப் பையன், விட்டுவிடு" என்று அர்த்தம். பெரும்பாலான பெரிய ஆண்கள் விட்டுவிடுவார்கள். அதோடு, ஜெர்பில் ஆண்கள் நல்ல அப்பாக்கள். குட்டிகளை நக்கிச் சுத்தம் செய்வது, அம்மா சாப்பிடப் போனால் கூட்டில் படுத்துச் சூடு கொடுப்பது, கூடு கட்டுவது எல்லாம் செய்வார்கள். அந்தச் சுபாவமும் நமக்குக் கைகொடுக்கும்.

ஆனால் இந்த வாசல் ரொம்ப நாள் திறந்திருக்காது. ஐந்து வாரத்துக்கும் எட்டு வாரத்துக்கும் நடுவில் சேர்ப்பது நல்லது. பத்து, பன்னிரண்டு வாரம் ஆகிவிட்டால் அது குட்டி இல்லை, இன்னொரு ஆண்.

அறிமுகமே தேவைப்படாத வழி

நான் அன்றைக்கே தெரிந்துகொண்டிருக்க வேண்டியது இது. அப்பாவையும் மகன்களையும் பிரிக்காமலே இருந்தால் சேர்க்கும் வேலையே இல்லை. குட்டிகள் பிறந்ததிலிருந்து அப்பாவோடு ஒரே கூட்டில் தூங்கியிருந்தால், ஐந்து வாரம் ஆனதும் அவனையும் மகன்களையும் ஒன்றாக எடுத்து, பழைய மரத்தூளும் கூட்டுப் பஞ்சும் இரண்டு கை அள்ளிப் போட்டு, புதுத் தொட்டிக்கு மாற்றிவிடலாம். அம்மாவும் மகள்களும் பழைய தொட்டியில். இரண்டு பக்கமும் யாரும் தனியாக இல்லை, யாருக்கும் யாரும் புதுசும் இல்லை.

இதில் ஒரே சிக்கல் நாள் கணக்கு. ஜெர்பில் பெண் குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடி சினைப்பிடிக்கத் தயாராகிவிடும். ஆண் பக்கத்தில் இருந்தால் அன்று ராத்திரிக்குள் வேலை முடிந்துவிடும். சினைக்காலம் சாதாரணமாக 24 முதல் 26 நாள். ஆனால் பெண் பால் கொடுத்துக்கொண்டிருந்தால் கரு பதிவது தள்ளிப்போகும்; சில சமயம் ஆறு வாரம் வரைகூட இழுக்கும். ஆக, ஆணைப் பிரித்த நாளோடு குட்டி நின்றுவிடும் என்று நினைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. எங்களுக்கு ஜெர்பில் விற்ற கடைக்காரர், "குட்டி போட்ட அன்றே ஆணை எடுத்துவிடுங்கள், பிரச்சினை முடிந்தது" என்றார். எடுத்தேன். காலையில் பிறந்த குட்டிகளுக்கு மாலையில் எடுத்தேன். இடையில் என்ன நடந்தது என்பது ஐந்து வாரம் கழித்து, குட்டிகளின் அம்மா சுக்கு இன்னும் மூன்று குட்டி போட்டபோதுதான் தெரிந்தது.

குட்டி வேண்டாம் என்று முடிவு செய்தால் இப்படி யோசிக்கலாம். இப்போது கூட்டில் இருக்கும் குட்டிகளுக்கு ஐந்து வாரம் நெருங்கும்போது, அடுத்த ஈற்றுக்கு முன்னால், அப்பாவையும் மகன்களையும் சேர்த்து வெளியே எடுத்துவிடுங்கள். சுக்கு மாதிரி அவள் ஏற்கெனவே சினையாக இருந்தால் இன்னொரு ஈற்று வரும், அதோடு நின்றுவிடும். அந்தக் கடைசி ஈற்றில் பிறக்கும் ஆண்களை அப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு பேர் இருந்தால் அவர்களே ஒருவருக்கொருவர் துணை. அண்ணன் தம்பி ஜோடி நன்றாகவே ஒத்துப்போகும். ஏற்கெனவே ஒற்றுமையாக இருக்கும் அப்பா, மூத்த பிள்ளைகள் கூட்டத்துக்குள் புதுசாகக் குட்டிகளைத் திணித்தால் உள்ளதும் போய்விடும். மூன்று மாதம் ஆன அண்ணன்கள் அப்பாவைப்போல் தாராள மனசுக்காரர்கள் இல்லை.

ஆணுக்குக் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்து பெண்ணோடேயே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சின்னப் பிராணிகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர்கள் சிலர் செய்கிறார்கள். இவ்வளவு சின்ன உடம்புக்கு மயக்க மருந்து கொடுப்பதில் ஆபத்து உண்டு. அறுவை முடிந்த சில வாரங்களுக்குக் கரு பிடிக்கும் வாய்ப்பும் இருக்கும், அதுவரை எப்படியும் பிரித்துத்தான் வைக்க வேண்டும். எனக்கு அது சரிப்பட்டு வரவில்லை.

கம்பி வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

சரி, ஆண் ஏற்கெனவே தனியாகிவிட்டான், ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. இனி தடுப்பு வைத்துத்தான் சேர்க்க வேண்டும்.

முதலில் குட்டிகள் ஆண்தானா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், இதில் ஏமாந்து மறுபடி குட்டிகளோடு முழித்தவர்கள் ஏராளம். ஐந்து வாரத்தில் ஆணுக்கு வாலடியில் கறுத்த விதைப்பை மேடாகத் தெரியும். மூத்திரத் துவாரத்துக்கும் ஆசனவாய்க்கும் இடையே உள்ள தூரம் ஆணுக்கு அதிகம், பெண்ணுக்கு இரண்டும் ஒட்டினாற்போல் இருக்கும். ஒரு குட்டியை மட்டும் பார்த்தால் குழம்பும். எல்லாக் குட்டிகளையும் வரிசையாகப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பார்க்கும்போது வால் நுனியைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஜெர்பில் வாலின் தோல் உறைபோலக் கழன்று வந்துவிடும், திரும்ப வளராது. உள்ளங்கையைக் குழித்து ஏந்துங்கள்.

எத்தனை குட்டி? ஒன்று அல்லது இரண்டு. எனக்கு இரண்டுதான் பிடிக்கும். குட்டிகளுக்கு ஆறு வாரத்தில் விளையாடாமல் இருக்கவே முடியாது. ஒன்று மட்டும் இருந்தால் நாளெல்லாம் பெரியவன் மேலேயே ஏறிக் குதிக்கும். இரண்டு இருந்தால் தங்களுக்குள் மல்லுக்கட்டிக்கொள்ளும், அவன் நிம்மதியாகத் தூங்குவான். பெரியவன் காலம் முடிந்த பிறகும் குட்டிகளில் யாரும் தனியாக நிற்க வேண்டியிருக்காது. அதற்கு மேல் வேண்டாம். மூன்று, நான்கு இளவட்டங்கள் ஒரே தொட்டியில் வளர்ந்தால் யார் பெரியவன் என்ற பேச்சு சீக்கிரமே வந்துவிடும்.

60 சென்டிமீட்டர் நீளத்துக்குக் குறையாத கண்ணாடித் தொட்டி ஒன்றை எடுத்து நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். நடுவில் கம்பி வலைத் தடுப்பு. வலையின் கண் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும், 6 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. பெரிய கண்ணாக இருந்தால் மூக்கு உள்ளே போகும், அந்தப் பக்கம் பல் காத்திருக்கும். தடுப்பு தொட்டியின் அடியிலிருந்து மூடி வரை இடைவெளி இல்லாமல் நிற்க வேண்டும். நான் முதலில் மரச்சட்டத்தில் வலை அடித்து ஓரத்தில் அட்டையைச் சொருகியிருந்தேன். ஜெர்பில் இருக்கும் இடத்தில் அட்டை! ராத்திரி பத்து மணிக்குச் சொருகியது பதினொன்றரைக்கு இல்லை. நல்லவேளையாக நான் விழித்திருந்தேன். அப்புறம் வலையை இரண்டு ஓரத்திலும் மடித்துக் கண்ணாடியோடு இறுக்கி நிறுத்தினேன்.

மரத்தூள் நான்கைந்து சென்டிமீட்டர் போட்டால் போதும். வழக்கம்போல ஆழமாகப் போட்டால் அடியில் சுரங்கம் வெட்டித் தடுப்பைத் தாண்டிவிடும், அல்லது தடுப்பையே சாய்த்துவிடும். இரண்டு பக்கமும் தண்ணீர் பாட்டில், தீனி, கூடு கட்டக் கொஞ்சம் வெள்ளைத் திசுத்தாள், கொறிக்க அட்டை. வீடு, சக்கரம், பீங்கான் குகை எதுவும் வேண்டாம். ஒரு வாசல் உள்ள எந்தப் பொருளும் பின்னால் "இது என் கோட்டை" என்று ஆகிவிடும்.

பெரியவன் ஒரு பக்கம், குட்டிகள் மறுபக்கம். இனி நம் வேலை, பக்கம் மாற்றுவது. ஒரு நாளைக்குக் குறைந்தது இரண்டு தடவை, முடிந்தால் மூன்று நான்கு தடவை. அவனைத் தூக்கி அவர்கள் கூட்டில், அவர்களைத் தூக்கி அவன் கூட்டில். மரத்தூளை மாற்றாதீர்கள், கூட்டைக் கலைக்காதீர்கள். அடுத்தவன் தூங்கிய இடத்தில், அடுத்தவன் மூத்திரம் போன மரத்தூளில், அடுத்தவன் மெத்தையில் படுத்துத் தூங்க வேண்டும். நமக்குக் கேட்கவே ஒரு மாதிரி இருக்கும். ஆனால் அங்கே நடப்பது, இரண்டு வாடைகள் கலந்து ஒரே வாடை ஆவது.

முதல் நாள் மிளகு வலையைக் கடித்து உலுக்கினான். வால் முடி சிலிர்த்து, பின்னங்காலால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தான். பக்கத்து அறை வரை கேட்டது. திப்பிலியும் இன்னொரு குட்டியான ஓமமும் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கிக்கொண்டார்கள். இரண்டாம் நாள் பக்கம் மாற்றியபோது மிளகு அவர்களின் கூட்டைப் பிரித்து மேய்ந்துவிட்டு அதன்மேல் வயிற்றைத் தேய்த்தான். மூன்றாம் நாள் அதே கூட்டில் படுத்துத் தூங்கினான். ஐந்தாம் நாள் காலை நான் பார்த்தபோது அவன் வலையோடு முதுகை ஒட்டிப் படுத்திருந்தான். அந்தப் பக்கம், அதே இடத்தில், வலையோடு ஒட்டி இரண்டு சின்ன முதுகுகள். காத்திருக்க வேண்டியது அதற்குத்தான்.

குட்டிகள் என்றால் நான்கைந்து நாளில் இந்த நிலைமை வந்துவிடும். பெரியவன் முரட்டு ஆள், அல்லது ரொம்ப நாள் தனியாக இருந்தவன் என்றால் பத்து நாளும் ஆகலாம். நாளைப் பார்த்துத் தடுப்பை எடுக்காதீர்கள், நடத்தையைப் பார்த்து எடுங்கள். வலையைக் கடிப்பது, தட்டுவது, சிலிர்ப்பது எல்லாம் நின்று, பக்கம் மாற்றினால் பெரிதாகக் கவலைப்படாமல் சாப்பிட ஆரம்பித்தால் சரி. மிளகு ஏற்கெனவே ஒரு தடவை கடித்துவிட்டான் என்பதால் நான் ஒன்பது நாள் விட்டேன்.

இந்த நாட்களில் இன்னொரு எச்சரிக்கை. பெண்களின் தொட்டி அதே மேசையில் பக்கத்தில் இருக்கக் கூடாது. சுக்குவைத் தூக்கிவிட்டு அதே கையால் மிளகைத் தூக்கக் கூடாது. பெண் வாடை பட்டால் சாதுவான ஆண்களும் சண்டைக்கு நிற்பார்கள். நடுவில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். முடிந்தால் வேறு அறை.

தடுப்பை எடுக்கும் நாள்

விடுமுறை நாள் காலையைத் தேர்ந்தெடுங்கள். அன்று முழுக்க வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். எல்லோருக்கும் வயிறாரத் தீனி கொடுத்த பிறகு ஆரம்பியுங்கள்.

தோட்ட வேலைக்குப் போடும் தடித்த தோல் கையுறை கையில் இருக்கட்டும். முன்னால் சொன்னேனே, என் விரல் கதை. சண்டை போடும் ஜெர்பிலுக்கு எது விரல், எது எதிரி என்று தெரியாது. கையுறை இல்லாவிட்டால் குப்பை வாரும் முறத்தையாவது வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் சட்டென்று இறக்கிவிடலாம்.

இடம் சின்னதாக இருக்க வேண்டும். பெரிய இடம் கொடுத்தால் விசாலமாக இருப்பார்கள் என்று தோன்றும், உண்மை நேர் எதிர். இடம் பெரிதானால் பங்கு பிரிக்கத் தோன்றும். பாதித் தொட்டி போதும். தடுப்பை ஓரத்துக்குத் தள்ளி, இரண்டு பக்க மரத்தூளையும் கூட்டுப் பஞ்சையும் கலந்துவிட்டு, மூவரையும் விடுங்கள். புது இடமோ பதற்றமோ சில ஜெர்பில்களுக்கு வலிப்பைக் கொண்டுவரும். உடம்பு விறைத்து, காது பின்னால் மடங்கி, ஓரிரு நிமிடம் அசையாமல் கிடக்கும். பயப்படாமல் விளக்கைக் குறைத்து, தொடாமல் விட்டால் தானாக எழுந்துவிடும். அன்று சேர்க்கும் வேலையை ஒத்திப்போடுங்கள்.

முதல் அரை மணி நேரம் நம் இதயம்தான் அதிகம் துடிக்கும். பெரியவன் வருவான், முகர்வான், வாலடியை முகர்வான், மேலே ஏறுவான். இது "நான்தான் பெரியவன்" என்று சொல்வது, விடுங்கள். கொஞ்சம் துரத்துவான். குட்டி கீழே படுத்துக் கீச்சிடும். அதையும் விடுங்கள். குட்டி அவன் முகத்துக்குக் கீழே தலையை நுழைத்து, "என்னை நக்கிவிடு" என்று கேட்கும். அவன் நக்கினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பயப்பட வேண்டியது வேறு மாதிரி. சத்தம் அடங்கிவிடும். உடம்பு முடி முழுக்கச் சிலிர்த்து, முதுகை வளைத்து, பக்கவாட்டில் நின்று ஒருவரை ஒருவர் தள்ளுவார்கள். வால் பாம்புபோல அடிக்கும். அடுத்த நொடி இருவரும் ஒன்றாகச் சுருண்டு பந்துபோல உருளுவார்கள். பந்தானால் யோசிக்காதீர்கள், உடனே பிரியுங்கள். விளையாட்டுச் சண்டையில் இப்படி இருக்காது: எழுந்து நின்று குத்துச்சண்டை போடுவார்கள், கீச்சிடுவார்கள், நடுவில் நிறுத்திவிட்டு மூஞ்சி கழுவுவார்கள், மறுபடி தொடங்குவார்கள். ஒருவர் அடித்தால் அடுத்த தடவை மற்றவர் அடிப்பார். நிஜச் சண்டையில் இடைவேளை கிடையாது.

பந்தாகிவிட்டதா? மறுபடி தடுப்பு, மறுபடி பக்கம் மாற்றுவது, குறைந்தது இன்னொரு வாரம். ரத்தம் பார்த்துவிட்டால் என் கணக்கில் அந்த இருவரையும் சேர்ப்பதை விட்டுவிடலாம். காயம் மேலே சின்னதாகத் தெரிந்தாலும் பல் உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும், சீழ் பிடிக்கும்; கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எல்லாம் நல்லபடியாகப் போனால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் களைத்து ஒரே இடத்தில் குவியலாகப் படுத்துவிடுவார்கள். அத்தோடு முடிந்தது என்று கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஒரு தூக்கம் முடிந்து எழுந்த பிறகு மறுபடி முகர்ந்து பார்ப்பார்கள், அப்போதும் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். ராத்திரிக்கும் சேர்த்துத் தூங்கவிடலாமா என்பது உங்கள் மனசைப் பொறுத்தது. நான் தொட்டிக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தேன். அட்டை கொறிக்கும் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பின்

இரண்டு மூன்று வாரத்துக்கு அவசரமே வேண்டாம். நாலைந்து நாளுக்கு ஒரு முறை இடத்தைக் கொஞ்சம் பெரிதாக்கலாம். மரத்தூளின் ஆழத்தையும் அப்படியே ஏற்றலாம். வீடு, சக்கரம் எல்லாம் கடைசியில். சக்கரம் ஒன்று என்றால் அதற்கும் வழக்கு வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டியை ஒரேயடியாகக் கழுவித் துடைக்காதீர்கள். அழுக்கான பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, பழைய கூட்டிலிருந்து ஒரு கைப்பிடியைத் திரும்பப் போடுங்கள். பாடுபட்டுச் சேர்த்த வாடையைச் சுத்தம் என்ற பெயரில் நாமே கழுவி ஊற்றிவிடக் கூடாது. ஒருவரை மட்டும் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டி வந்தால் மற்றவர்களையும் அதே பெட்டியில் கூட்டிப் போங்கள். ஒரு ராத்திரி பிரிந்து வந்தால்கூடச் சில சமயம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

குட்டிகளுக்கு மூன்று நான்கு மாதம் ஆகும்போது ஒரு கண் வையுங்கள். வயிற்றுப் பட்டை வந்திருக்கும், உடம்பும் வந்திருக்கும், அப்பா சொல்வதை ஏன் கேட்க வேண்டும் என்று தோன்றும் வயது. பெரும்பாலும் நாலு தள்ளுமுள்ளோடு அடங்கிவிடும். ஒருவர் மட்டும் கூட்டுக்கு வெளியே தனியாகப் படுப்பது, வாலடியில் சின்னச் சின்னக் கடித் தழும்பு, எடை குறைவது இவை நல்ல அறிகுறிகள் இல்லை. சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை எடை போட்டுக் காலண்டரில் குறித்து வைத்தால் கண்ணுக்குத் தெரியாதது அதில் தெரியும். அப்படித் தெரிந்தால் இடத்தைச் சுருக்கி, சண்டைக்குக் காரணமான பொருளை எடுத்துப் பாருங்கள். தீரவில்லை என்றால் யாரையும் தனியாக வெளியே எடுத்துவிட்டு "ஆறட்டும்" என்று திரும்ப விடும் வேலை மட்டும் வேண்டாம். அது ஆறாது, மறந்துபோகும். மறந்தவன் திரும்ப வந்தால் திருடன்.

எங்கள் தொட்டியில் நான்காம் மாதம் ஒரு மாலை திப்பிலி மிளகை ஓரமாகத் தள்ளிவிட்டு உயரமான கல்லில் ஏறி நின்றான். மிளகு கொஞ்ச நேரம் கீழே நின்று பார்த்தான், மூஞ்சியைக் கழுவிக்கொண்டான், பூசணி விதை ஒன்றை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனான். மறுநாளிலிருந்து கல் திப்பிலியுடையது. ராத்திரி கூட்டில் அடியில் படுப்பது இப்போதும் மிளகுதான். அவன்மேல் திப்பிலி, இரண்டுக்கும் நடுவில் எப்படியோ தலையை நுழைத்துக்கொண்டு ஓமம்.